ஏழு புள்ளி

கூதல்நாடு என்று ஒரு நாடு. தேசப்படத்தில் தேட வேண்டாம். சரியாக அந்த இடத்தில்தான் படத்தை மடித்து மடித்துக் கிழித்து வைத்திருக்கிறார்கள்.

அங்கே பனி விழத் தொடங்கினால் சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த வண்டுகள் சன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். உத்தரத்து மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூங்கும். பங்குனியில் விழித்து, தோட்டத்துக்குப் போய், அவரைக்கொடியை அப்பும் அசுவினிப் பூச்சியைத் தின்னும். யாரும் அவற்றை அழைத்ததில்லை, விரட்டியதுமில்லை. மூன்று பந்தல் அவரையை நம்பி வருஷத்தை ஓட்டும் மங்காத்தாள், ஒட்டடை அடிக்கும்போது அந்த மூலையை மட்டும் விட்டு அடிப்பாள்.

அந்த வருஷத் தேர்தலில் சாலை, தண்ணீர் என்ற பேச்சே எழவில்லை. "நம் கூரை நமக்கே" என்றவர் ஜெயித்தார். கூட்டத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். மங்காத்தாளும் தட்டினாள், குளிருக்கு இதமாக இருந்தது.

முதல் ஆணை, எல்லாச் சன்னல் இடுக்குகளையும் களிமண்ணால் அடைக்கச் சொன்னது. வண்டுகள் ஏற்கெனவே உள்ளே இருந்தன. வெளியே போக முடியாமல் நின்றது அடுப்புப் புகைதான். நாடே இருமியது. இருமல் வண்டுகளால் வருவது என்று அமைச்சர் விளக்கினார்.

அடுத்த ஆணைப்படி, வண்டுகள் தாமாக வெளியேறும் பொருட்டுக் கதவு சன்னல்களைப் பகல் முழுதும் திறந்து வைக்க வேண்டும். வண்டுகள் இன்னும் நெருங்கிப் படுத்துக்கொண்டன. மங்காத்தாள் இருந்த மூன்று சேலையையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு சமைத்தாள். அரண்மனைக்கு விலக்கு உண்டு. அங்கே திரைச்சீலைகள் விலை உயர்ந்தவை.

அப்போதுதான் அவையில் ஒருவர் எழுந்து, அரச முத்திரையிலேயே ஏழு புள்ளி வண்டு இருப்பதை நினைவூட்டினார். பெரிய சங்கடம். மூன்று நாள் யோசித்து, ஏழு புள்ளி உள்ளவை மண்ணின் மைந்தர்கள், கூடினாலும் குறைந்தாலும் அந்நியர் என்று தீர்ப்பானது. அதுவரை ஆட்களை எண்ணியே அலுத்திருந்த புள்ளிவிவரத் துறைக்கு அன்றுதான் தன் பெயரின் பொருள் விளங்கியது.

புள்ளி ஆய்வாளர் தெய்வசிகாமணி ஏணியும் பூதக்கண்ணாடியும் சாக்குப்பையுமாக மங்காத்தாள் வீட்டுக்கு வந்தார். அவள் முந்தியே, புள்ளி குறைந்த வண்டுகளுக்கு அடுப்புக்கரியைக் குழைத்து, ஈர்க்குச்சி முனையால் ஏழாக்கி வைத்திருந்தாள். கூடுதலாக இருந்தவற்றுக்குத்தான் வழியில்லை. ஆனால் அவள் சந்தையில் பேரம் பேசி அவரைக்காய் விற்றவள்.

"பதினொன்று" என்றார் ஆய்வாளர், ஒரு வண்டின் முதுகைப் பார்த்து.

"நல்லாப் பாருங்க ஐயா. அந்த ரெண்டும் ஒட்டிக்கிட்டிருக்கு. ஒண்ணுதான்."

"சரி, பத்து."

"நடுவுல இருக்கிறது பாதி இந்த றெக்கை, பாதி அந்த றெக்கை. அதைப் போய் முழுசா எண்ணுவீங்களா?"

"அரைப் புள்ளிக்குப் படிவத்தில் இடமில்லை அம்மா."

"அப்போ அதை விட்டுடுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். அவருக்கும் குளிர்ந்தது. "ஒன்பது. அதற்குக் கீழே இறங்க எனக்கு அதிகாரம் இல்லை."

ஏழுக்கு மேல் இருந்தவையெல்லாம் சாக்குக்குள் போயின. கரியின் தயவில் தேறியவை முப்பத்தொன்று.

பங்குனியில் நாடு முழுக்க அவரையில் அசுவினி அப்பியது. கொடி சுருண்டது, பூ கருகியது. ஜனங்கள் முறையிட்டார்கள். துறை அசுவினியைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தது. முதுகில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆகவே அப்பழுக்கற்ற குடிமக்கள் என்று அறிவித்து, நசுக்குவதைக் குற்றமாக்கியது.

மங்காத்தாளுக்கு இரண்டு பந்தல் போயிற்று. முப்பத்தொரு வண்டுகள் ஒரு பந்தலைத்தான் காப்பாற்ற முடிந்தது. ஊருக்கே இல்லாத காய் ஒரு பந்தலில் தொங்கினால் மறைக்க முடியுமா? கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு கை காய் கொடுத்தாள். வாங்கியவர்களில் யாரோ போய்ச் சொன்னார்கள்.

மறுபடி பனி விழுந்தது. இந்த முறை உத்தரத்து மூலை காலியாக இருந்தது. சொன்னதைக் கேட்டு, துறை தோட்டத்திலேயே வண்டுகளைப் பிடித்துக்கொண்டு போயிருந்தது. தெய்வசிகாமணி ஏணி இல்லாமல் வந்தார். பூதக்கண்ணாடி மட்டும் இருந்தது.

"வண்டே இல்லையே ஐயா. இனி எதை எண்ணப் போறீங்க?"

"துறை இருக்கிறதே அம்மா" என்றார் அலுப்போடு. "மச்சமும் புள்ளிதான் என்று சட்டத்தில் திருத்தம் வந்திருக்கிறது. முதலில் உங்கள் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்."

கன்னம், கழுத்து, இரண்டு கை என்று கண்ணாடி நகர்ந்தது. மங்காத்தாள் அசையாமல் நின்றாள். தனக்கு எத்தனை என்று அவளுக்குத் தெரியும்.

"ஒன்பது" என்றார். சாக்குப்பையை அவர் கொண்டு வரவில்லை. வாசலில் வண்டி நின்றது.

"எத்தனை இருக்கணும்?"

"ஏழுதான்."

"உங்களுக்கு எத்தனை ஐயா?"

அவர் சட்டைக் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டு வண்டிக்காரனைத் திரும்பிப் பார்த்தார். "ஐந்து" என்றார் மெதுவாக. "அடுத்த வாரம் எங்களை எண்ணுகிறார்கள்."

மங்காத்தாள் உள்ளே போய் அடுப்புக்கரியைக் குழைத்து, ஈர்க்குச்சியோடு வந்தாள்.

"குனியுங்க. ரெண்டு வைக்கிறேன். அப்புறம் என் ஒன்பதைப் பத்திப் பேசலாம்."

புள்ளி ஆய்வாளர் குனிந்தார்.