அப்பள சாரின் நான்காவது கிளாம்ப்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இரும்பு விற்ற எவரும் எங்கள் தெரு அப்பள சாரை இப்பிறவியில் மறந்திருக்க மாட்டார். சிலருக்கு மறுபிறவியிலும் நினைவிருக்கும்.

எண்பதுகளில், கிழக்குத் தாம்பரத்தில், என் அடுத்த வீட்டுக்காரர் அவர். அலுவலகம் போன நேரம் தவிர, கொல்லைக் கொட்டகையில் தச்சுவேலை. வாள், உளி, இழைப்புளி யாவும் உண்டு. ஒட்டிய மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் மட்டும் இல்லை. அவர் வைக்கும் பரீட்சையில் எதுவும் தேறியதில்லை. ஆகவே ஒட்டிய பலகைமேல் ஆட்டுக்கல்லை ஏற்றுவார். அது போதாதெனில் மனைவியை உட்காரச் சொல்வார். "இந்த வீட்டு நாற்காலி எல்லாமே நான் உட்கார்ந்து செஞ்சதுதான்" என்பார் அந்த அம்மையார், பெருமையா புகாரா என்று பிரித்தறிய இயலாத குரலில்.

மார்கழி நெருங்கியபோது, என் தம்புராவில் குடமும் தண்டியும் கூடுமிடம் வாய்பிளந்தது. தம்புரா இன்றி விடியற்காலைப் பஜனையில் பாடினால் என் சுருதி எவ்வூர் போய்ச் சேரும் என்பதை ஆண்டவனே அறிவான்.

"நான் ஒட்டித் தரேன் சார்" என்றார் அப்பள சார். என் பார்வை தன்னையறியாமல் அம்மையார் பக்கம் சென்றது.

"பயப்படாதீங்க. இதுக்கு கிளாம்ப்தான். நாலு வேணும். நாளைக்குச் சந்தைக்குப் போவோம்."

மறுநாள் அவர் கையில் ஒரு தூக்குச்சட்டி, நிறையப் பொரித்த அப்பளம்.

"வா சார்," என்றார் இரும்புக்காரர். "போன வாரம் நீ நொறுக்கின அப்பளத்துக்கு எறும்பு இன்னும் வந்துகினு கீது."

"அப்பளத்தை உடைக்காம பிடிக்கத் தெரியாத இரும்புகிட்ட தம்புராவைக் குடுக்க முடியுமாப்பா?"

"பேஜார் பண்ணாத சார். அப்பளத்தத் துன்னுட்டு கிளாம்ப எடுத்துனு போ."

சார் அப்பளத்தைக் கிளாம்பின் வாயில் வைத்து, திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். நொறுங்கியது. அடுத்ததும் நொறுங்கியது. எங்கிருந்தோ ஓர் ஆடு வந்து நின்றுகொண்டது. பிறகு ஒரு கிளாம்ப் அப்பளத்தைக் கவ்விக்கொண்டது. தலைகீழாக உலுக்கியும் விடவில்லை. இரண்டாவது தேறியபோது இரும்புக்காரர் வியாபாரத்தையே மறந்தார். மூன்றாவதற்கு, "மெதுவா சார், மெதுவா" என்று அவரே மூச்சைப் பிடித்தார். மூன்றும் தேறின, சட்டி காலியாயிற்று.

"நாலாவதும் அதே பட்டறை மால்தான் சார்."

"அண்ணன் தம்பி மூணு பேர் யோக்கியம்னா, நாலாவது ஆளும் அப்படித்தானா? வேணாம்பா."

மூன்றோடு திரும்பினோம். அன்று மாலையே பசை தடவி, மூன்று கிளாம்புகளையும் பூட்டினார். நான்காவது இடம் வெறுமையாக நின்றது.

"நான் வேணா உட்காரட்டுமா?" என்றார் அம்மையார்.

சார் தரையில் சம்மணமிட்டு, அவ்விடத்தை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டார். பசை பிடிக்கும்வரை அசையவில்லை. அம்மையார் காபியை ஆற்றி அவர் வாயில் புகட்டினார்.

"கை வலிக்கவில்லையா?" என்றேன்.

"வலிக்குது. நீங்க சும்மா உட்கார்ந்திருக்கறதுக்கு ஏதாவது பாடுங்க."

பாடினேன். அடியாரைக் கைவிடாது பற்றும் பெருமானை ஆயுள் முழுதும் பாடியிருக்கிறேன். அந்தப் பிடி எப்படியிருக்கும் என்பதை அன்று மாலைதான் கண்ணாரக் கண்டேன்.