புரோலின் சாரும் புளிப்பு மாத்திரையும்

புரதத்தைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களில் ஒன்றை மட்டும் மனதாரக் காதலித்து, மீதிப் பத்தொன்பதையும் பங்காளி வீட்டாரைப்போல் முறைத்துக்கொண்டு திரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பழவேற்காட்டில் எங்கள் எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தார். பொன்னேரியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தினார். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் புரோலின் சார்.

நின்ஹைட்ரின் என்ற மருந்தைத் தெளித்தால் மற்ற அமிலங்கள் ஊதாவாக மாறுமாம், புரோலின் மட்டும் மஞ்சளாகுமாம். அதனால் சார் வாரம் ஏழு நாளும் மஞ்சள் சட்டைதான் போடுவார்.

நான் அப்போது பொன்னேரி கோர்ட்டில் டைப்பிஸ்ட். இருவருக்கும் ஒரே பஸ். "மத்ததெல்லாம் ஒரு கைய வெளிய தொங்கவுட்டு நிக்கும்பா. புரோலின் மட்டும் அந்தக் கைய வளச்சி தன் முதுகையே புடிச்சிக்கும். நைட்ரஜனோட சேந்து ஒரு வளையம்! அதனால ஈஸியா வளைஞ்சி குடுக்காது. அது வந்த எடத்துல புரதச் சங்கிலியே திரும்பிடும்" என்று செய்து காட்டுவார். கம்பியைப் பிடிக்க வேண்டிய கை முதுகில் இருக்கும். பஸ்ஸும் திரும்பும். சார் யாராவது ஒருவருடைய மீன் கூடைமேல் உட்கார்ந்திருப்பார்.

"நீ இன்னாவா வேணா இரு சார், மொதல்ல கம்பிய புடி" என்று கண்டக்டர் கத்துவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டச்சுக்காரர் கல்லறைக்குப் போய், ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்து, "பழம் கெடைக்காத பசங்க" என்று உச்சுக்கொட்டுவார். மாதக்கணக்கில் கப்பலில் காய்கறியே இல்லாமல் வந்தவர்களுக்கு ஈறு அழுகுமாம், பழைய காயமெல்லாம் திறந்துகொள்ளுமாம். அங்கே படுத்திருப்பவர்களில் யார் யார் அப்படிப் போனார்கள் என்று எவருக்கும் தெரியாது. சாருக்கு எல்லோர்மேலும் சந்தேகம். அவர் புதையல் தேடுவதாக ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் ஏரியில் வலை வீசப் போன எங்கள் நைனாவின் பாதத்தில் திருக்கை மீனின் வால்முள் ஏறிவிட்டது. டாக்டர் மருந்து கொடுத்தார், அம்மா பத்தியம் போட்டாள். புளி, எலுமிச்சை, தக்காளி, கத்திரிக்காய், கீரை, பழம் எல்லாம் தள்ளுபடி. கஞ்சியும் ரொட்டியும் டீயும் மட்டும் மிச்சம். மூன்று மாதமாகியும் புண் ஆறவில்லை. பத்தியம் போதவில்லை என்று அம்மா வெங்காயத்தையும் நிறுத்தினாள். ஈறில் ரத்தம் வந்தது. இளவயதில் கயிறு அறுத்த தழும்பு கையில் புதுசாகத் திறந்துகொண்டது. சர்க்கரை வியாதியும் இல்லை. அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நைனா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சார் பார்க்க வந்தார். ஈறைப் பார்த்தார், தழும்பைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, டாக்டர் குடுத்த மாத்திரையெல்லாம் குடுத்தியா?"

"வேளா வேளைக்குக் குடுத்தேன் சார். அந்த ஆரஞ்சு கலர் மாத்திரைய மட்டும் நக்கிப் பாத்தேன். ஒரே புளிப்பு. புண்ணுக்காரருக்கு அதப்போயி குடுப்பாங்களா? கொல்லையில போட்டுட்டேன்."

சார் பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு வலைக்கயிறு ஒன்றை எடுத்து நுனியைப் பிரித்துக் காட்டினார். நம் தோலும் சதையும் இப்படி மூன்று புரி முறுக்கிய கயிறு, அதில் வரிசையாகப் புரோலின், அந்தப் புரோலினைப் பக்குவம் செய்ய வைட்டமின் சி வேண்டும், கொல்லைக்குப் போன ஆரஞ்சு மாத்திரை அதுதான், அது இல்லாவிட்டால் முறுக்கு நிற்காது, புரோலின் என்பது... அரைமணி நேரம் போனது.

"அந்தப் புரோலினு எப்டியோ போவட்டும் சார். எங்க வூட்டுக்காரரு காலு ஆறணும். புளிப்பு குடுத்தா சீழ் வெக்கும். நான் குடுக்கமாட்டேன்."

சார் வாழ்க்கையில் முதல்முறையாகப் புரோலினைப் பாதியில் விட்டார். "கொய்யா புளிக்காதே? அதுலயும் அந்த வைட்டமின் நெறைய இருக்கு" என்றார்.

அம்மா யோசித்தாள். கொய்யா அவள் பட்டியலில் தனியாக இல்லை. "சளி புடிக்குமே சார்."

"புடிக்கட்டும். மூக்க சிந்திக்கலாம்."

அம்மா ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. "ஆனா அந்தப் பேர இந்த வூட்டுல எடுக்கக் கூடாது. கேட்டாலே தல சுத்துது."

அன்றே டாக்டரிடம் ஓடி மாத்திரை கொல்லைக்குப் போன கதையைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, கொய்யா கொடுங்கள், பாதத்தை எடுப்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார். சார் தினமும் சாயங்காலம் பொன்னேரி மார்க்கெட்டிலிருந்து கொய்யாவோடு வந்து, நைனா தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். உதடு துடிக்கும். தண்ணீர் குடிப்பார். போய்விடுவார். ஈறு ஒரு வாரத்தில் தேறியது. பாதம் மூட ஒன்றரை மாதம் ஆனது. அத்தனை நாளும் அந்த மனிதர் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை.

நைனா தானே நடந்து போய்ப் படகில் ஏறிய அன்று சாருக்கு எங்கள் வீட்டில் இறால் தொக்கோடு சாப்பாடு. அம்மா பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க சார், அது பேரு இன்னா? மொதல்லேர்ந்து சொல்லுங்க."

சார் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார். மஞ்சள் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு மணி நேரம் பேசினார். எங்கள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, யாரும் எழுந்து போகவும் இல்லை.