ஒரே ஞாயிறு, இரண்டு பெட்டி

"மண்டப வாடகைதான் எங்களைத் தின்னுது," என்றார் றெமிஜியஸ். "ஊர்ச் சங்கத் தேர்தலுக்கு ஒருக்கா, மாவட்டச் சங்கத் தேர்தலுக்கு இன்னொருக்கா. வாறது அதே ஆக்கள்தான். ரெண்டையும் ஒரே நாளிலை வைப்பம்."

புலம்பெயர்ந்த தமிழரின் கடைத்தெருவான லா சப்பலில், ஒரு தேநீர்க் கடையின் பின்மேசையில் நடந்த கூட்டம் அது. இரண்டு சங்கங்களுக்கும் றெமிஜியஸ்தான் பொருளாளர். இரண்டுக்கும் தலைவர் அன்ரன். அந்தப் பதவியை வேறு யாரும் விரும்பவில்லை என்றில்லை. விரும்பியவர்கள் ஒருபோதும் வெல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்ரனின் முகம் கறுத்தது. "உது சரிவராது தம்பி. மண்டப அலுவல் எல்லாம் நான்தானே பாக்கிறனான். நடக்கிற மாதிரி நடக்கட்டும்."

"செலவு கூடினா என்ரை கையாலை போடுறன், அண்ணை."

சபையில் விட்ட வார்த்தை. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தவன் காசென்றால் கைதட்டலுக்குப் பஞ்சமில்லை.

வீட்டில் மனைவி சுகிர்தம் கைதட்டவில்லை. "கையிலை கிடக்கிறது லூர்து மாதாட்டைப் போற காசு. போன வரியமும் போகேல்லை. அதையும் துலைச்சுப்போட்டு வராதேங்கோ."

"மிச்சம் பிடிக்கத்தானே இவ்வளவும்!" என்றார் றெமிஜியஸ்.

இரண்டு சங்கத்துக்கும் ஒத்துவந்த ஒரே ஞாயிறு தவக்காலத்தில் விழுந்தது. பாதிப் பேர் இறைச்சி தொடமாட்டார்கள். மீதிப் பேர் இறைச்சி இல்லாத தேர்தலுக்கு வரமாட்டார்கள். சாப்பாடு போடாமல் வாக்குக் கேட்கும் துணிச்சல் நம் ஆட்களில் யாருக்கும் இதுவரை வந்ததில்லை. ஆகவே இரண்டு சமையல்காரர்கள்.

பிறகு வான் பிரச்சினை. முன்பெல்லாம் பொண்டி என்ற புறநகரிலிருந்து வாக்காளர்களை வேட்பாளர்களே தங்கள் செலவில் ஏற்றி வருவார்கள். இம்முறை துஷ்யந்தன் மறுத்துவிட்டார்.

"ஊர்ச் சங்கத்துக்குத்தான் நான் நிக்கிறன். மாவட்டத்துக்கு நிக்கிறவனுக்கும் சேர்த்து நான் ஆள் ஏத்தவோ?"

மாவட்டத்துக்கு நின்றவரும் அதையே சொன்னார். ஒற்றுமை என்றால் அதுதான். வான்கள் சங்கத்தின் தலையில், அதாவது றெமிஜியஸின் தலையில் விழுந்தன.

ஞாயிறு மதியம், லா கூர்னெவ் மண்டபத்தில் தங்கேஸ்வரி அக்கா இரண்டு தட்டுகளோடு வந்து நின்றார்.

"ஒராளுக்கு ஒண்டுதான், அக்கா," என்றார் றெமிஜியஸ்.

"எனக்கு ரெண்டு வோட்டுத் தம்பி. அப்ப ரெண்டு சாப்பாடு. தனித்தனியா வைச்சிருந்தா ரெண்டு தரம் சாப்பிட்டிருப்பன்தானே?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அது மிகச் சரியாகப் பட்டது. சோறு முடிந்தது. கடையிலிருந்து ரோல்ஸ் வந்தது; அதுவும் முடிந்தது.

பெட்டிகளைத் திறந்தபோது ஊர்ச் சங்கச் சீட்டுகளில் பாதி மாவட்டப் பெட்டிக்குள் கிடந்தன. தட்டு ஒரு கையிலும் சீட்டு மறுகையிலும் இருந்தால் கண் எங்கே பெட்டியில் நிற்கும்?

"செல்லாது! திருப்பி வையுங்கோ!" என்று தோற்பவர்கள் கத்தினார்கள்.

வைத்தார்கள். அதற்குள் பொண்டிக்காரர் வீடு போய்விட்டார்கள். வான்கள் மறுபடி ஓடின. மாலையில் திரும்பி வந்தவர்களுக்குப் பசி எடுத்தது. கொத்துரொட்டி வந்தது. இரண்டு சங்கத்துக்கும் அன்ரனே மீண்டும் தலைவரானார். மாலையோடு மேடையேறி, "சிக்கனத்துக்கு ஒரு முன்மாதிரி எங்கடை றெமிஜியஸ்," என்றார். மறுபடி கைதட்டல்.

றெமிஜியஸுக்கு அழுகை வந்தது. சங்கக் காசு முடிந்து, மாதாவின் காசும் வானிலும் சோற்றிலும் போய், மண்டப வாடகைக்கு மட்டும்தான் மிச்சம் இருந்தது. சுகிர்தத்தின் முகத்தை எப்படிப் பார்ப்பது? வழக்கமாக வாடகையை அன்ரன் கையில் கொடுத்துவிடுவார். அவர் கொண்டுபோய்க் கட்டுவார். இது சொந்தக் காசு. அதனால் தானே கட்டிவிடலாம் என்று மண்டப அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே மேசையில் இருந்தவர் மர்கரீத், புதுச்சேரிக்காரர். நீட்டிய உறையை அவர் வாங்கவில்லை.

"வாடகையா? சங்கத் தேர்தலுக்கு இந்த மண்டபம் எப்பவுமே இலவசம்தானே மெஸ்யே, இத்தனை வருஷமா கையெழுத்துப் போட்டு சாவி வாங்கிட்டுப் போற உங்க தலைவர் சொல்லலியா?"