அவசரக் கவரும் ஏடிஎம் கார்டும்

தொம்மலூர்,
28ஆம் தேதி

அன்புள்ள மகன் டிரேவருக்கு,

அப்பா கிளாரன்ஸ் ஆசீரோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம். நீயும் லீனாவும் வைட்ஃபீல்ட் டிராஃபிக்கில் பொறுமை இழக்காமலிருக்கத் தினமும் செபிக்கிறோம். போனில் சொல்லியிருப்பேன், லீனா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், இரண்டு பேருமாகச் சிரிக்கிறீர்கள். அதனால்தான் கடிதம்.

எண்ணெய் இல்லாமல் வடை சுடும் பெட்டியை நான் தவணையில் வாங்கிய அன்று நீ போட்ட நிபந்தனை ஞாபகமிருக்கும். இந்த மாதப் பென்ஷனை ஒழுங்காகச் சமாளித்தால் ஏடிஎம் கார்டு என்னிடம், இல்லாவிட்டால் உன்னிடம். முப்பத்தெட்டு வருஷம் சம்பளம் வாங்கிய மனுஷனுக்கு மகனே பரீட்சை வைக்கிறான் என்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பாஸ் பண்ணிவிட்டேன்.

முதல் தேதியே பணத்தைப் பிரித்து பால், மளிகை, மருந்து, கரண்ட், அவசரம் என்று எழுதிக் கவர்களில் போட்டேன். கவருக்குத் தண்டமாகச் செலவு எதற்கு என்று மாதா கோயிலில் கொடுத்திருந்த காணிக்கைக் கவர்களையே எடுத்துக்கொண்டேன். எதை வாங்கத் தோன்றினாலும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், பொறுத்தேன், காஸ் தீர்ந்தபோதும் பொறுத்தேன், அந்த இரண்டு நாளும் வடைப் பெட்டியில்தான் சமையல், சப்பாத்தி அப்பளமாக வந்தது, அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். இதெல்லாம் சின்ன விஷயம்பா. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அம்மா காணிக்கைக் கவர் என்று நினைத்து அவசரக் கவரைக் கோயில் காணிக்கைப் பையில் போட்டுவிட்டாள். உள்ளே ஆறாயிரம். வெளியே அச்சடித்த நம் குடும்பப் பெயர், அதன் கீழே என் கையெழுத்தில் ‘அவசரம்’. கிளிஃபர்ட் சாமியார் பாவம் என்ன நினைப்பார்? மறுநாள் காலைப் பூசையில், சகோதரர் கிளாரன்ஸ் அவர்களின் அவசர நிலைக்காக மன்றாடுவோம் என்று சொல்லிவிட்டார்.

பத்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. ஜோவிதா ஆன்ட்டி ஆட்டுக்கால் சூப்போடு வந்தாள். அடுகோடியிலிருந்து தியோடர் மாமா ஆட்டோ பிடித்து வந்து, கதவைத் திறந்த என்னைப் பார்த்து அழுதேவிட்டார். “இன்னாத்துக்குப்பா எழுந்து வந்தே? போய்ப் படு.” படுத்தேன், வேறென்ன செய்ய. கொடுத்த காணிக்கையைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. ஆனால் பத்து நாளாக பிரியாணி, ஆப்பிள், பிரெட், ஹார்லிக்ஸ். மளிகைக் கவரைத் தொடவே இல்லை. கூட்டிக் கழித்தால் மாதக் கடைசியில் இருநூறு ரூபாய் மிச்சம். இத்தனை பேருக்கு நாம் வேண்டியவர்களாக இருக்கிறோமே என்று மனசும் நிறைந்திருக்கிறது. ஆகவே கார்டு என்னிடமே இருக்கும்.

உங்கள் வீட்டில் சமாதானமும் வீட்டுக் கடனில் வட்டிக் குறைவும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
பாஸான அப்பா,
கிளாரன்ஸ்

பி.கு.: இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கை தவறிப் போடவில்லையாம். “பணம் விஷயத்துல உங்களுக்குப் புத்தி வரணும், அதவிட இன்னா அவசரம்? வேணும்னுதான் போட்டேன்” என்கிறாள். கார்டு இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பின் நம்பரை மட்டும் மாற்றிவிட்டாள். புது நம்பர் எங்கள் கல்யாணத் தேதி இல்லை, போட்டுப் பார்த்துவிட்டேன்.