நான் ஒட்டிய டேப்

தொழிற்சாலைப் பாதுகாப்புக் குழுவில் இருப்பவர்கள் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் என்னை அன்றே குழுவிலிருந்து நீக்கியிருப்பார்கள்.

அப்போது சிகாமட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். குழுவில் என் பொறுப்பு, மின்சார எச்சரிக்கைத் தாள்களைச் சுவரில் ஒட்டுவது. (ஒட்டுவது மட்டும்தான். படிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.)

அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எங்கள் அன்பியத்தார், அதாவது பங்கைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள், வீடு வீடாகக் குடில் பார்க்க வருவதாக இருந்தது. கார் போர்ச்சில் பெரிதாகக் குடில் கட்டி, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மலிவாக வாங்கிய சரவிளக்கை மாட்டினேன். சாரல் அடித்தால் போதும், வீடு முழுக்க மின்சாரம் ட்ரிப் ஆகிவிடும். மின்கசிவு வந்தால் தானாக விழ வேண்டிய சுவிட்ச் ஒன்று ஹால் சுவரில் இருந்தது. தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. வயர்மேனைக் கூப்பிடச் சொன்னாள் என் மனைவி ரெஜினா. பண்டிகை முடியட்டும் என்றேன். தாள் ஒட்டும் அதே டேப்பை எடுத்து, அந்தச் சுவிட்ச் கீழே விழாதபடி, பக்கத்திலிருந்த மெயின் சுவிட்சையும் சேர்த்து மூன்று அடுக்கு ஒட்டினேன். நான் ஒட்டினால் பிரியாது என்று தொழிற்சாலையில் பெயர் எடுத்தவன்.

மாலை நான்கு மணிக்கு அன்பியத்தார் வரவில்லை. ஆற்று வெள்ளம் வந்தது. ரெஜினா அரிசியையும் பத்திரங்களையும் மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று, போர்ச்சில் கணுக்கால் அளவு நின்ற தண்ணீரில் குடில் விளக்குகள் மின்னுவதை ரசித்துக்கொண்டிருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. விளக்கைச் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் ஒரு பெயிண்ட் டின்மேல் இருந்தது. தண்ணீர் அதற்கு இரண்டு விரல் கீழே.

பால இயேசு சொரூபத்தைக் குடிலில் வைப்பது எட்டு வயது மகள் ஏஞ்சலாவின் உரிமை. நள்ளிரவுப் பூசை முடியும்வரை அதைக் குடில் வைக்கோலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

"அப்பா, நான் போய் பால இயேசுவ எடுத்துட்டு வரவா?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓடு, சீக்கிரம் எடு" என்றேன்.

அவள் ஒரு காலைத் தூக்கிவிட்டாள். ரெஜினா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததில் இருவரும் ஹாலுக்குள் விழுந்தார்கள்.

"லைட்டு எரியுதுல்ல? தண்ணியில கரண்டு இருந்தா? மொதல்ல போய் மெயின அடைங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

ஹால் இன்னும் காய்ந்திருந்தது. ஓடினேன். டேப் பிரியவில்லை. நகத்தால் சுரண்டினேன். பின்னால் ஏஞ்சலா எதற்கென்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. பாதி பிரிக்கும்போதே வீடு இருண்டது. தண்ணீர் எக்ஸ்டென்ஷனைத் தொட்டுவிட்டது. மிச்சத்தையும் பிய்த்து மெயினை இறக்கினேன்.

பால இயேசு பிளாஸ்டிக். தானே மிதந்து போய்ப் பக்கத்து வீட்டு வேலியில் பத்திரமாக இருந்தார்.

வெள்ளம் வடிந்ததும், வயர்மேன் வந்து ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்கும்வரை ரெஜினா யாரையும் எந்தச் சுவிட்சையும் தொட விடவில்லை. நான் ஒட்டியதில் மிச்சமிருந்த டேப் துண்டுகளை அவர் பார்த்தார்.

"இத ஒட்டி வச்சாலும் உள்ளுக்குள்ள தன்னால விழுந்துரும்லா. அன்னிக்கு அப்படித்தான் விழுந்திருக்கு. சுவிட்ச் பழுதாகியிருந்தா அதுவும் நடந்திருக்காது. உங்க நல்ல நேரம்" என்றார்.

இப்போது ஏஞ்சலா ஜொகூர் பாருவில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு ஒரு டேப் சுருளை வண்ணத்தாளில் சுற்றிக் கொடுப்பாள். விருந்தாளிகள் காரணம் கேட்பார்கள். அவளும் ரெஜினாவும் மாறி மாறிக் கதை சொல்வார்கள். அவர்கள் கதையில் நான் டேப்பைப் பல்லால் கடிப்பேன். (கடிக்கவில்லை. யோசித்தேன்.)

நான் "ஓடு" என்றது மட்டும் அந்தக் கதையில் இல்லை. ஏஞ்சலாவுக்கு அது நினைவில்லை. "பிள்ள தண்ணியில எறங்கப் பாத்தா, நான் புடிச்சிட்டேன்" என்று சொல்லி ரெஜினா அந்த இடத்தைக் கடந்துவிடுவாள், என் முகத்தைப் பார்க்காமல். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். பிறகு எழுந்து போய், மெயின் சுவிட்சை ஒருமுறை பார்த்துவிட்டு வருவேன்.