பட்டாளத்தாருக்கு நன்றி சொன்னவர்

நன்றி கெட்டவர்களைப் பற்றி ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் சொல்லப்போவது நன்றியைச் சொல்லியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கும் ஓர் இனத்தைப் பற்றி. நன்றிசொல்லிகள் என்று இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். கூட்டத்தில் யார் கையில் மைக் இருக்கிறதோ, அவர். மைக் வேறொருவர் கையில் இருந்தால், அதையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர்.

எங்கள் அடுக்குமாடியின் நன்றிசொல்லி, டயர் கடை வைத்திருக்கிறார். குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அவரேதான். நல்ல மனிதர். நடுரோட்டில் டயர் பஞ்சராகி நிற்கிறேன் என்று போன் செய்தால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவார். ஆனால் யாரையாவது கௌரவிக்காமல் ஒரு மாதம் போனால் அவருக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்டவர் இருக்கிற கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மனைவியோடு குடிவந்தார் என்றால் என்ன ஆகும்?

ஆயிற்று. முதல் நாளே அவருக்குப் 'பட்டாளத்தார்' என்று பெயர் ஆயிற்று. லிஃப்டில் பார்த்தால் சல்யூட், வாசலில் பார்த்தால் சல்யூட், காய்கறிக் கடையில் பார்த்தால் தராசே அதிரும்படி ஒரு சல்யூட். பதில் சல்யூட் வைக்கப் பட்டாளத்தார் இரண்டு கையிலும் உள்ள காய்கறிப் பைகளைக் கீழே வைக்க வேண்டும். வைத்தால் தக்காளி உருளும். உருண்ட தக்காளியைக் குனிந்து பொறுக்க முழங்கால் ஒத்துழைக்காது. அது மட்டுமா? தபால்காரர், பால்காரர், லிஃப்ட் பழுது பார்க்க வந்தவர் என்று ஒருவரையும் விடாமல் பிடித்து நிறுத்தி, "இவர் யாரு தெரியுமா? நாம ராத்திரி நிம்மதியா தூங்கறோம்னா இவராலதான்" என்று அறிமுகம் வேறு. பட்டாளத்தார் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கடைசியில், கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர் மனைவி எச்சரிக்க ஆரம்பித்தார்.

"ஏங்க, செயலாளர் டயர் கடைக்குப் போயிட்டாரான்னு ஜன்னல் வழியா பார்த்துட்டு இறங்குங்க."

எல்லையில் பயப்படாத மனிதர், எங்கள் கட்டடத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்.

பட்டாளத்தாருக்குப் பாராட்டு விழா நாளும் குறிக்கப்பட்டது. பேச்சுக்குக் குறிப்பு எடுக்க நன்றிசொல்லி மூன்றாம் மாடிக்கு ஏறினார்.

"ஐயா, பட்டாளத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"டேங்கர் ஓட்டினேன் தம்பி. மலை மேல காவல் நிக்கிற பசங்களுக்குத் தண்ணி கொண்டுபோவேன். எனக்குப் பின்னாடி இன்னொரு வண்டி வரும். என் சிநேகிதன்தான் ஓட்டுவான். அவன்..."

"போதும் ஐயா, போதும்! உடம்பெல்லாம் புல்லரிக்குது. டேங்க்!"

இந்த இனத்துக்கு உடம்பு சட்டென்று புல்லரித்துவிடும். காதுதான் கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, கீழ்த்தளக் கூடத்தில் விழா. மேடைக்குப் பின்னால் சுவரை அடைத்து ஒரு பேனர். அதில் புழுதி பறக்கப் பாய்ந்துவரும் ஒரு ராட்சத டேங்க். அதன் உச்சியில் பட்டாளத்தாரின் பாஸ்போர்ட் படத்தை ஒட்டியிருந்தார்கள். எப்போது இறக்கிவிடுவீர்கள் என்று கேட்பதுபோல் இருந்தது அந்த முகம். நன்றிசொல்லி மைக்கைப் பிடித்தார். ஐயாவின் டேங்க் ஆற்றைக் கடந்தது, பாலைவனத்தைக் கடந்தது, எதிரியின் முகாமுக்குள் பாய்ந்தது, குண்டு மழையில் நனைந்தது, வந்திருந்தவர்களின் பொறுமையையும் கடந்து போய்க்கொண்டே இருந்தது. பட்டாளத்தார் மனைவியின் காதில் ஏதோ முணுமுணுத்தார்.

"அவர் முடிக்கட்டும், சும்மா இருங்க" என்றார் அந்த அம்மா.

ஒருவழியாக டேங்க் நின்றது. "இப்ப நம்ம ஐயா ரெண்டு வார்த்தை பேசுவார்!" இந்த இனத்தின் பங்கீடு அப்படி. கௌரவிக்கப்படுபவருக்கு இரண்டு வார்த்தை. அகராதியில் மிச்சம் இருப்பதெல்லாம் கௌரவிப்பவருக்கு.

பட்டாளத்தார் மெல்ல எழுந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஓட்டினது டேங்க் இல்லீங்க, டேங்கர். தண்ணி லாரி."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நன்றிசொல்லி, அச்சடித்தவன்தான் தப்புச் செய்துவிட்டான் என்பதுபோல் பேனரை முறைத்தார்.

"சிரிக்கலாம், தப்பில்ல. பேனரைப் பார்த்ததும் நானும் சிரிச்சேன். ஆனா மலை மேல காவல் நிக்கிறவன் பசியைத் தாங்குவான், தாகத்தைத் தாங்க மாட்டான். மழையோ பனியோ, வண்டி போயே ஆகணும். ஒரு நாள் நல்ல மழையில ரோடு சரிஞ்சுது. நான் தாண்டிட்டேன். எனக்குப் பின்னாடி வந்தவன் தாண்டல." நன்றிசொல்லியின் பக்கம் திரும்பினார். "அவன் சம்சாரம் இங்கதான், ரெண்டு தெரு தள்ளி, தனியா இருக்காங்க. எனக்குச் சொன்ன நன்றி போதும் தம்பி. அங்க போய்ச் சொல்லுங்க."

உட்கார்ந்துவிட்டார். 'பலத்த கரவொலி' கேட்க நன்றிசொல்லியே மறந்துபோனார்.

அவமானத்தில் ஒரு வாரம் வெளியே தலைகாட்ட மாட்டார் என்று நான் நினைத்தேன். அது நடக்குமா! மறுநாள் காலையிலேயே பூங்கொத்து, கேடயம், போட்டோக்காரர் சகிதம் புறப்பட்டுவிட்டார். வழி காட்டப் பட்டாளத்தார் போனார். வேடிக்கை பார்க்க நான் போனேன்.

கழுத்தில் அளவு டேப்போடு ஓர் அம்மா கதவைத் திறந்தார். தையல் வேலை செய்பவர்.

"தங்கள் கணவரின் ஈடு இணையற்ற தியாகத்தைப் போற்றும் முகமாக..." என்று நன்றிசொல்லி வாசலிலேயே ஆரம்பித்தார்.

"உள்ள வாங்க தம்பி. போட்டோக்காரர் வெளியவே இருக்கட்டும், இடம் பத்தாது."

துணிக் குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்தோம். அந்த அம்மா கேட்டார்:

"அவரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும் தம்பி?"

நன்றிசொல்லி வாயைத் திறந்தார். பட்டாளத்தாரைப் பார்த்தார். மூடினார்.

"ஒண்ணும் தெரியாதும்மா. நீங்க சொல்லுங்க."

அவர் வாழ்நாளில் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான்.

அந்த அம்மா சொன்னார். லாரியோடு பேசுவாராம். மேடு வந்தால் 'ஏறிடு ராசாத்தி' என்று கெஞ்சுவாராம். பாட்டுப் பாடினால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுமாம். நன்றிசொல்லி கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் தன்னை அறியாமல் கேட்டார்:

"அந்த ரோட்டுக்கு என்ன டயர்மா போடுவாங்க? மழையில பிடிக்கணுமே?"

பட்டாளத்தார் நிமிர்ந்தார். "டயர் மேல இரும்புச் சங்கிலி சுத்துவோம் தம்பி. சுத்தினாலும் வழுக்கும்." டயரின் தேய்மானம், காற்றின் அளவு, வளைவில் பின்சக்கரம் போகிற போக்கு என்று இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"அவரும் இப்படித்தான். லீவுல வந்தா, யார் வீட்டுக்குப் போனாலும் டயர் பேச்சுதான். இந்த வீட்டுல டயர் பேச்சுக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!"

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். போட்டோக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். பூங்கொத்து தையல் மிஷின் மேல் கிடந்தது. கேடயத்தைக் கொடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. திரும்பும் வழியில் நன்றிசொல்லியின் கண் சிவந்திருந்தது. "தூசி" என்றார்.

திருந்திவிட்டாரா? அவ்வளவு லேசில் திருந்துகிற இனமா இது! அடுத்த மாதமே தீயணைப்புக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து மேடையேற்றிவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாளத்தாரும் அவரும் அந்த அம்மா வீட்டுக்குப் போய் வருகிறார்கள். மைக் எடுத்துப் போவதில்லை. லிஃப்டில் சல்யூட்டும் நின்றுபோயிற்று. பட்டாளத்தார் கையில் இருக்கும் பைகளை நன்றிசொல்லியே வாங்கிச் சுமக்கிறார்.

நல்லவேளை, நான் அந்த இனம் இல்லை என்று ஆசுவாசப்படுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். போன வருஷம் ராணுவ தினத்தன்று, கொடியும் துப்பாக்கியும் போட்ட ஒரு வணக்கப் படத்தைச் செல்போனில் கண்டவர்களுக்கெல்லாம் தட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று காப்பி குடிக்கப் போனீர்களே, அதைப் பெற்றவர்களில் ஒருவராவது சிப்பாயா? எனக்கும் வந்தது. நான் பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை.