கனடாவுக்கு ஒரு கையெழுத்து

திருகோணமலை லிங்கநகர் இரத்தினசிங்கம் பன்னிரண்டு வருஷமாகக் கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். இன்னும் போய்ச் சேரவில்லை என்பது ஒன்றுதான் குறை.

பட்டணசபையில் அவருக்குப் பொழுதுபோக்குப் பகுதி. ஒரு வாசிகசாலை, இரண்டு கரம்போட், புல் முளைத்த டெனிஸ் மைதானம், கடற்கரையில் மூன்று ஊஞ்சல், அதில் அறுந்தது ஒன்று. இவ்வளவும் அவருடைய ஆட்சி. ஆள் பி.ஏ. படித்தவர். துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படை இருந்த நாளில், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கம்பி வேலியால் எட்டிப் பார்ப்பார். வேலை முடிந்ததும் அவர்கள் பந்தடிப்பார்கள், பாண்ட் வாசிப்பார்கள், கடலில் குதிப்பார்கள். சும்மா இருக்கிறதையும் இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறார்களே என்று அன்றைக்கு விழுந்த ஆசை வளர்ந்து வளர்ந்து ஒரு பெயரும் எடுத்துக்கொண்டது. கனடாவில், பொழுதுபோக்கு மற்றும் ஓய்வுநேரச் சேவைகள் முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம். இதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கத் திருகோணமலையில் அவர் ஒருவரால்தான் முடியும்.

"எப்ப சேர் பயணம்?" என்று வாசிகசாலைக் காவலாளி முனாப் கேட்பார்.

"நான் நாளைக்கே போவன். மனிசி விடவேணுமே."

இந்த மறுமொழியில் ஒரு சுகம் இருந்தது. போகாமலே போனவனுக்குரிய மரியாதை கிடைத்தது. பழி மட்டும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. "ஏன் பிள்ளை, படிக்கப் போற மனிசனைப் பிடிச்சு மறிக்கிறாய்?" என்று பக்கத்து வீட்டு நல்லம்மா வேலிக்கு மேலால் கேட்டது முன் விறாந்தையில் இருந்த அவருக்கே கேட்டது. அவருடைய மனைவி இராசமலர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவள் அவரை ஒருநாளும் மறித்ததில்லை. விடுவாயா மாட்டாயா என்று அவளை யாரும் கேட்டதுமில்லை, அவர் உட்பட.

அவள் கேட்டதும் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒன்றே ஒன்றுதான்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா மூதூர் லோஞ்சில போய்ட்டு வருவமே?"

"மூதூரில ஆர் இருக்கினம்?"

"ஒருதரும் இல்லை."

"அப்ப என்னத்துக்கு?"

"சும்மா. சும்மா போய்ச் சும்மா வாறதுக்கு."

"பிரயோசனமில்லாத பயணம்," என்று அவர் பேப்பரை விரித்துவிடுவார். ஊருக்கெல்லாம் ஓய்வு பங்கிடுகிறவர் வீட்டுக்கு ஒரு துண்டும் கொண்டுவந்ததில்லை. பின்னேரங்களில் துறைமுகப் பக்கமிருந்து, குடாவைக் கடந்து மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகு ஊதினால் இராசமலர் குசினி வாசலில் கொஞ்சநேரம் நின்று கேட்பாள். பிறகு அடுப்புக்குத் திரும்பிவிடுவாள்.

எழுபத்தாறாம் ஆண்டு தை மாதம், இனி வராது என்ற நம்பிக்கையில் அவர் வருஷம் தவறாமல் போட்டுவந்த விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. இடம் உண்டு. புலமைப்பரிசில் உண்டு. இரண்டு வருஷம்.

நாய்க்கு முழுத்தேங்காய் கிடைத்த கதையாகப் போயிற்று. கனடாவை அவர் மனதார விரும்பியது உண்மை, ஆனால் லிங்கநகரில் இருந்துகொண்டு விரும்பினார். பிள்ளையில்லாத வீடு. ராத்திரிச் சோறு போடும்போது இராசமலர் அன்றைய கதை முழுவதையும் சொல்லுவாள், அவர் "ம்" போடுவார். கனடாவில் யாருக்கு "ம்" போடுவது?

படிவத்தைக் கடைசிவரை வாசித்தபோது கோணேசப் பெருமானே வழிகாட்டினார். அடியில் ஒரு வரி இருந்தது. விண்ணப்பதாரர் மணமானவராயின், பிரிவுக்குத் துணைவர் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும்.

அவள் வைக்கமாட்டாள். ஒரு அழுகை அழுவாள், படிவம் அலுமாரிக்குள் போய்விடும். சாகுமட்டும் வாசிகசாலைக் கதிரையில் இருந்து, "எனக்கு வந்தது, மனிசிதான் விடேல்லை" என்று சொல்லலாம். இந்த முறை கடிதமே சாட்சி. அவர் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு குசினிக்குப் போனார்.

"இஞ்சாரும், இதில உம்மட கையெழுத்து வேணுமாம். விருப்பமில்லாட்டி விடும். நான் கட்டாயப்படுத்தேல்லை."

"என்னத்துக்கு?"

"உம்மைத் தனிய விட்டிட்டு ரெண்டு வருஷம் போறதுக்கு."

"பேனையைத் தாங்கோ."

"பேனை... மை முடிஞ்சு போச்சு," என்றார் அவர், சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு. "நல்லா யோசியும். அங்க சரியான குளிர். மூக்கு விறைச்சுப் போகுமாம்."

"மப்ளர் ஒண்டு பின்னித் தாறன்."

"கூடப் படிக்கிறதெல்லாம் வெள்ளைக்காரப் பொம்பிளையள்."

"பாவம் அதுகள்."

"சோறு கிடையாது."

"இஞ்ச மட்டும் கூப்பனுக்கு அளந்து தாற அரிசி மலை மலையாக் குவிஞ்சு கிடக்குதோ? அதென்னப்பா அப்பிடி ஒரு படிப்பு?"

"ஆக்கள் வேலையில்லாத நேரத்தை எப்பிடிச் சந்தோசமாக் கழிக்கிறது எண்டது."

இராசமலர் அகப்பையைக் கீழே வைத்தாள். "வேலையில்லாத நேரமெண்டா என்ன மாதிரி இருக்குமெண்டு, படிச்சு முடிஞ்சு வந்து எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ." கொஞ்சம் பொறுத்து, "கையெழுத்து வைக்கிறன். ஆனால் போறதுக்கு முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை லோஞ்சில கூட்டிக்கொண்டு போகவேணும். கடலில வைச்சுப் போடுறன்," என்றாள்.

அவர் ஓடிப்போய் முனாப்பிடம் ஆலோசனை கேட்டார். "நல்ல சகுனம் சேர்," என்றார் முனாப். "கடலைக் கண்டா பிரிவு நினைவு வரும். அழுது கடதாசியைக் கிழிச்சுப் போடுவா, பாருங்கோ."

ஞாயிறு வந்தது. லோஞ்சில் சாக்குமூட்டை, சைக்கிள், கால் கட்டின கோழி. பின் வாங்குப் பலகையில், மூதூருக்கு அப்பால் கட்டைபறிச்சானில் தங்கச்சி வீட்டுக்குப் போகிற நல்லம்மா. அவளுக்குப் பக்கத்தில், மூதூரில் வீடுள்ள முனாப். "இராசமலர்தான் இண்டைக்குப் போவம் எண்டு சொன்னவ," என்றாள் நல்லம்மா. முனாப் அவர் பார்வைக்கு அகப்படாமல் கோழியைப் பார்த்தார். இரத்தினசிங்கம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

லோஞ்சு துறைமுகத்தின் குன்றுகளை விட்டு வெளியே வந்தது. காற்று இராசமலரின் கொண்டையைக் குலைத்தது, அவள் அதைக் கட்டவில்லை. கையை வெளியே நீட்டித் தெறிக்கிற தண்ணீரைப் பிடித்தாள். அவர் அவளுடைய கண்ணீருக்காகக் காத்திருந்தார். வந்தது சிரிப்பு. கலியாணம் முடித்த கிழமைக்குப் பிறகு அந்த முகத்தை அவர் கண்டதில்லை. இதற்கு இவ்வளவுதான் வேண்டியிருந்ததா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்தச் சிரிப்பை இங்கே விட்டுவிட்டு எதைப் படிக்கப் போகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"நீங்கள் போனாப்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வருவன்," என்றாள் அவள், கடலைப் பார்த்தபடி.

"ஆரோட?"

"தனியத்தான். இதே வாங்கில இருந்து போய், இதே வாங்கில இருந்து வருவன்."

"பக்கத்தில ஆர் இருப்பினம்?"

"ஆரும் இருக்கட்டும். லோஞ்சு எல்லாருக்கும் பொதுதானே."

அந்த இடத்தில் இன்னொருவர் இருப்பதை நினைக்க அவருக்கு ஏலாமல் போயிற்று.

"எனக்குப் போக விருப்பமில்லை," என்று முணுமுணுத்தார்.

"எஞ்சின் சத்தம். கேக்கேல்லை."

"நான் போகேல்லை எண்டு சொல்லுறன்."

"ஏனாம்?"

அவர் எழும்பி நின்று, எஞ்சினுக்கு மேலால், பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கத்தினார். "உம்மை விட்டிட்டு எனக்கு இருக்க ஏலாது."

கோழி உட்பட லோஞ்சு முழுவதும் திரும்பிப் பார்த்தது. இராசமலர் கண்ணைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள்.

"இதைக் கேக்கிறதுக்கு எனக்கு ஒரு கடல் கடக்கவேண்டிக் கிடந்தது," என்றாள்.

பிறகு அவருடைய சட்டைப் பைக்குள் கையை விட்டுப் படிவத்தையும் பேனையையும் எடுத்தாள். மடியில் வைத்து, அடிவரியில், ஆறுதலாகத் தன் பெயரை எழுதினாள்.

"இஞ்சாரும், நான்தான் போகேல்லை எண்டிட்டனே. இப்ப என்னத்துக்குக் கையெழுத்து?"

"நீங்கள் போகாட்டிப் பரவாயில்லை. இனி வாசிகசாலையில இருந்து, மனிசி விடேல்லை எண்டு மட்டும் சொல்லக்கூடாது." அவள் பின் வாங்குக்குத் திரும்பினாள். "நல்லம்மாக்கா, முனாப் அண்ணை, நீங்களும் சாட்சிக்கு ஒவ்வொரு கையெழுத்து வைச்சு விடுங்கோ."

மை முடிந்துபோன அந்தப் பேனை மூன்று கையெழுத்தையும் தடையில்லாமல் எழுதியது.